பஸ்ஸு கோயில தாண்டிருச்சு

ஈப்போவில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஓட்டும் ஒரு நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் தலைவராக நான் சேர்ந்தபோது, அந்தப் பிரிவில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. எனக்கென்று போட்டிருந்த மேசைக்கு ஒரு பக்கம் நகலெடுக்கும் இயந்திரம், மறுபக்கம் பழைய டயர்கள். முதல் நாள் மதியத்துக்குள் அலுவலகத்தில் பாதிப் பேர் வந்து, பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். கோலாலம்பூரில் ஒரு வங்கியில் பெரிய குழுவோடு வேலை பார்த்துவிட்டு, கணவருக்கு இங்கே மாற்றல் கிடைத்ததால் ஊர் திரும்பியவள் நான். ஆனாலும் அன்று எனக்கு வருத்தமே இல்லை. என் மேசைக்கு நேராக ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியே சுண்ணாம்பு மலை பச்சையும் வெள்ளையுமாகத் தெரிந்தது. வங்கியில் எனக்கு ஜன்னலே கிடையாது.

எங்கள் பேருந்துகள் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலிருந்தும், கோப்பெங், தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போகும். அந்த ஊர்களில் பல, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்தவை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வரிசை வீடுகள் வந்துவிட்டன. பேர் மட்டும் தோட்டத்துப் பேராகவே இருக்கிறது. அங்கே இருக்கும் பெண்கள் பலருக்கும் தொழிற்சாலை பஸ் வந்தால்தான் வேலை.

நிறுவனத்தின் முதலாளி ஒரு சீனர்; எல்லாரும் ‘தௌக்கே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவின் பட்டறையில் மெக்கானிக்காக ஆரம்பித்தவர். இப்போதும் ஏதாவது ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருப்பார். அவருடைய தமிழ் முழுக்க டிரைவர்களிடம் கற்றது. அதில் மரியாதைப் பன்மை கிடையாது, எல்லாருமே ‘நீ’தான். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. என்னை ஏன் வேலைக்கு எடுத்தார் என்பதைக் கையில் கிரீஸோடு நின்றபடியே மலாயில் விளக்கினார். எந்த பஸ் எங்கே வருகிறது, அதில் யார் ஏறியிருக்கிறார்கள் என்பதைத் திரையில் பார்க்க முடிந்தால்தான் அடுத்த ஒப்பந்தம் என்று தொழிற்சாலைகள் சொல்லிவிட்டன. இல்லையென்றால் கோலாலம்பூரிலிருந்து பெரிய கம்பெனி ஒன்று வந்துவிடும். கடைசியில் தமிழுக்கு மாறி, “நீ தலைவர். நீ சொல்லு, நான் செய்றேன்,” என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டார்.

எந்த பஸ் எங்கே இருக்கிறது என்பது அதுவரை ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். மாடியில் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் மைக்கோடு உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு. ஈப்போவிலேயே புந்தோங் பகுதிக்காரர். கண்ணாடி வளையலும் பெரிய பொட்டும், கணீரென்ற குரலும். அவர் மைக்கைப் பிடித்தால் பேரா மாநிலம் முழுக்கக் கேட்கும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். தமிழ், மலாய், கொஞ்சம் கேண்டனீஸ் என்று யாருக்கு எது புரியுமோ அதில் பேசுவார், அதிலேயே திட்டுவார். நான் முதன்முதலாகப் போய் அறிமுகம் செய்துகொண்டபோது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க கம்ப்யூட்டரு. நான் மைக்கு. ரெண்டுக்கும் தனித்தனி ரூமு இருக்கு மேடம்,” என்றார்.

அந்த மேடத்தில் இருந்த சூடு எனக்கு நன்றாகவே புரிந்தது. அவர் வேலையைப் பிடுங்க வந்தவள் என்று என்னை நினைத்துவிட்டார்.

நான் என் வழியில் வேலையைத் தொடங்கினேன். பேருந்துகளில் டேப்லெட் பொருத்தினோம். அடுத்து எந்த நிறுத்தம், எங்கே திரும்ப வேண்டும் என்பதை அது பேசியே சொல்லும். வெளியூர் நிறுவனம் ஒன்று செய்து கொடுத்த மென்பொருள். வரைபடம் அழகாக இருந்தது. அலுவலகத்தில் சோதித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். வண்டிகள் சாலையில் இறங்கியதும்தான் கூத்து. அந்த டேப்லெட்டுக்குள் இருந்த பெண்மணி ஆங்கிலத்தில் மட்டுமே பேசினாள். அதுவும் எங்கள் ஊர்ப் பேர்களை எங்கிருந்தோ வந்த நாக்கால் உச்சரித்தாள். சாலை என்று பொருள்படும் ‘ஜாலான்’ அவள் வாயில் ‘ஜேலன்’ ஆனது. புந்தோங்கை அவள் சொன்ன விதம் எனக்கு இன்றுவரை எழுத்தில் வரவில்லை. ஒரு வாரம் போவதற்குள் பாதி வண்டிகளில் டேப்லெட்டின் மேல் முகம் துடைக்கும் துண்டு தொங்கியது.

கோப்பெங் பக்கம் ஓட்டும் மூத்த டிரைவர் ஒருவர் இருந்தார். நரைத்த மீசை; பேச்சில் எப்போதும் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். அவரிடம், ஏன் அண்ணே துண்டு போட்டு மூடிவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“அந்தப் பொம்பள பேச்சக் கேட்டு ஓட்டுனா, என்னையத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும் தங்கச்சி,” என்றார்.

அந்த ஊரில் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் யாரையாவது கேலி செய்ய வேண்டுமானால் ஊர்ப் பேரைச் சொன்னாலே போதும். பக்கத்தில் நின்ற டிரைவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலைகள் சிரிக்கவில்லை. டேப்லெட்டை அணைத்து வைத்தால் அவர்கள் திரையில் பஸ்ஸே தெரியாது. டிரைவர்களுக்கு எச்சரிக்கை கொடுக்கலாமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம், எனக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள், நான் பஸ்ஸில் போய்ப் பார்க்கிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, சரி, போய்ப் பார் என்றார். வங்கியாக இருந்திருந்தால் இதற்கே ஒரு கூட்டம் போட்டிருப்பார்கள்.

இப்படித்தான் நான் மீசைக்கார அண்ணனின் பஸ்ஸில் காலை நேரத்தில் ஏறத் தொடங்கினேன். கோப்பெங் தாண்டி, செம்பனைக்கு நடுவே போகும் பாதை. பனி இன்னும் மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முச்சந்திகளில் பெண்கள் குடையும் சாப்பாட்டுப் பையுமாக நிற்பார்கள். ஏறியதும், யாருடைய பேரன் நடக்க ஆரம்பித்தான், யார் வீட்டு வாஷிங் மெஷின் கெட்டுப்போனது என்று ஊர்க்கதை முழுவதும் ஒரே நேரத்தில் ஓடும். ஒருத்தி எனக்கு வாழையிலையில் மடித்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, கொடுத்தாள். பசியாறாமல் வேலைக்கு வரக்கூடாது என்று இன்னொருத்தி கண்டித்தாள். பயணிகளின் போனுக்கென்று நாங்கள் கொடுத்திருந்த செயலியைப் பற்றி நான் அவர்களிடம் கேட்டேன். வரைபடம் யாருக்கும் தேவைப்படவில்லை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பஸ் பக்கத்தில் வந்துவிட்டதா? வந்துவிட்டது என்று தெரிந்தால் வீட்டிலிருந்து கிளம்பலாம். தெரியாததால் மழையிலும் முச்சந்தியில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அப்போது வயர்லெஸ்ஸில் அக்காவின் குரல் வந்தது. சிம்பாங் பூலாய்ப் பக்கம் நெரிசல், உள்பாதையாக வாருங்கள் என்று மீசைக்கார அண்ணனிடம் சொன்னார். நான் அதுவரை கவனிக்காத ஒன்றை அன்றுதான் கவனித்தேன். அந்தக் குரல் கேட்டதும் பஸ் முழுக்கப் பேச்சு நின்றது. வாஷிங் மெஷின் கதைகூட நின்றுவிட்டது. அக்கா சொல்லி முடித்ததும், பின் சீட்டிலிருந்து ஒருத்தி, “அக்காவுக்குச் சளி பிடிச்சிருக்கு போல. மிளகுரசம் வச்சுக் குடிக்கச் சொல்லுங்க அண்ணே,” என்றாள். அண்ணன் அதை அப்படியே மைக்கில் சொன்னார். அக்கா, “சரிலா, சொல்லிட்டீங்கல்ல, ரோட்டப் பாருங்க,” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. இத்தனை பேர் நம்பும் ஒரு குரல் மாடியறையில் இருக்கிறது. அதற்குப் பதிலாக நாங்கள் யாரோ ஒருத்தியை டேப்லெட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறோம்.

அன்று மதியமே நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அக்கா சாப்பிட்டார். அவர் குரலையே பதிந்து டேப்லெட்டில் போடலாம் என்று நான் சொன்னதை முழுவதும் கேட்டார். அப்புறம் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்.

“என் குரல எடுத்துக்கிட்டு என்னைய வீட்டுக்கு அனுப்பவா?”

கோபமாகக் கேட்கவில்லை, மெதுவாகக் கேட்டார். இல்லை அக்கா என்று வாயால் சொல்வது சுலபம். ஆனால் அதை நான் சொன்னால் போதாது என்று பட்டது. கீழே இறங்கிப் போய் முதலாளியிடம் பேசினேன். இந்த அமைப்பை நான் கட்டலாம், ஆனால் அதை ஓட்டப் போவது அக்காதான். கட்டுப்பாட்டு அறைக்கு அவரே பொறுப்பாளராக இருக்க வேண்டும். அவருக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இதற்கு நீங்கள் சம்மதித்தால்தான் மேற்கொண்டு போவேன் என்றேன். என் தொழிலில் நான் பேசிய பேச்சுகளில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான். அதற்குப் படமும் இல்லை, புள்ளிவிவரமும் இல்லை.

முதலாளி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நேராக மாடி ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். அறைக்குள் நுழைந்ததும் அவர் அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான்: “நீ போனா நானும் வீட்டுக்குப் போறேன். யார் பஸ் ஓட்டுறது?”

அக்கா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சரி,” என்றார். “ஆனா நான் திட்டுறதயும் சேத்துத்தான் பதியணும்.”

குரல் பதிவுக்கு எங்களிடம் ஸ்டூடியோவா இருக்கிறது? பட்டறையின் பின்னால் நின்ற ஒரு பஸ்ஸின் ஜன்னல்களையெல்லாம் மூடி, போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்தோம். உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. அக்கா ஒரு கையில் விசிறியும் மறுகையில் மைக்குமாக ஒவ்வொரு நிறுத்தத்தின் பேரையும் சொன்னார். தோட்டத்துப் பழைய பேர், புதிய தாமானின் பேர் இரண்டையும் சொன்னார். தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை. நடுவில் பட்டறையில் யாரோ சுத்தியலால் அடிக்க, பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி அவர் போட்ட சத்தமும் பதிவாகிவிட்டது. அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னும் என் கணினியில் இருக்கிறது.

அவர் சொன்னதெல்லாம் நான் எழுதிக் கொடுத்த வாக்கியங்கள் அல்ல. பயணிகளின் போனில் ஒலிக்க, ‘உங்கள் பேருந்து இன்னும் சில நிமிடங்களில் வந்தடையும்’ என்று நான் எழுதியிருந்தேன். அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, யார் இப்படிப் பேசுவார்கள் என்று கேட்டார். அவர் சொன்னது: “பஸ்ஸு கோயில தாண்டிருச்சு. சாப்பாட்டுப் பைய எடுத்துக்கிட்டு வெளிய வாங்க.” வேகம் கூடினால் டிரைவருக்கு, “மெதுவா போங்க அண்ணே, பின்னால பிள்ளைங்க இருக்கு.” எல்லா வண்டியும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தால், “நல்லா ஓட்டுனீங்க. போய்ப் பசியாறுங்க.” நாங்கள் எந்த நிறுத்தத்துக்கு முன்னால் எதைச் சொல்ல வேண்டும் என்று சேர்ந்து உட்கார்ந்து அமைத்தோம். அவருக்குத் திரையைக் கையாளச் சொல்லிக் கொடுத்தேன். வரைபடத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் தெரிந்துகொண்ட நாளில், அவர் முதலில் தேடிப் பிடித்தது தன் வீட்டுக் கூரையைத்தான். அந்தக் கூரையைக் காட்டுவதற்காக அலுவலகத்தில் எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டார்.

புதிய குரலோடு வண்டிகள் கிளம்பிய காலையில் நான் மீசைக்கார அண்ணனின் பஸ்ஸில்தான் இருந்தேன். டேப்லெட்டிலிருந்து அக்கா பேசியதும் அவர் தன்னையறியாமல், “சரி அக்கா,” என்று பதில் சொன்னார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து வெட்கப்பட்டார். முச்சந்தியில் யாரும் நிற்கவில்லை. பஸ் நெருங்க நெருங்க வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் கையில் போனோடு, அதிலிருந்து வந்த குரலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்கள். மலாய்ப் பெண்கள் இருவர் ஏறும்போதே அக்காவின் மலாயை அச்சு அசலாகப் பேசிக் காட்டினார்கள். துண்டுகளெல்லாம் மறுபடியும் டிரைவர்களின் தோளுக்குப் போயின.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த நாள் தீபாவளிக்கு முந்தின நாள். அன்று தமிழ்ப் பெண்களுக்கு மதியத்தோடு விடுமுறை. ஆனால் ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒவ்வொரு நேரத்தில் விடும். முந்தைய வருஷங்களில் எந்த பஸ் எந்த வாசலுக்கு முதலில் போவது என்று தெரியாமல், வாசலில் கூட்டம் வெயிலில் நிற்குமாம். இந்த முறை நாங்கள் செயலியில் ஒரு பொத்தான் வைத்திருந்தோம். வேலை முடிந்து உடை மாற்றியதும் அதை அழுத்தினால், கிளம்பத் தயார் என்று எங்கள் திரையில் தெரியும். எந்த வாசலில் அதிகம் பேர் தயாரோ அங்கே பஸ் போகும். பொத்தானை அழுத்துகிற வேகத்தைப் பார்த்தால், அன்று யாருமே வேலையில் மனம் வைக்கவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

மதியம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மலையே தெரியாத மழை. வண்டிகள் எல்லாம் ஆட்களோடு சாலையில் இருந்தபோது மீசைக்கார அண்ணன் வயர்லெஸ்ஸில் வந்தார். கோப்பெங் போகும் பழைய பாதையில் ஒரு தாழ்வான இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, கார்கள் நிற்கின்றன என்றார். அக்கா திரையைப் பெரிதாக்கினார். அண்ணனுக்குப் பின்னால் எந்தெந்த பஸ் அதே பாதையில் வருகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பினார். பதற்றம் இல்லாமல், ஏதோ சமையலறையில் பாத்திரங்களை இடம் மாற்றி வைக்கிறவர் மாதிரி. ஆனால் பஸ்ஸுக்காக வாசலில் காத்திருந்தவர்களுக்கும், வீட்டில் வழி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் எதுவும் தெரியாது. போன்கள் அலறத் தொடங்கின.

செயலியில் நேரலையாகப் பேசும் வசதி ஒன்றை நான் முந்தின வாரம்தான் சேர்த்திருந்தேன். யாரும் அதைப் பயன்படுத்திப் பார்க்கவில்லை. சிக்கிக்கொண்டால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரிச் சிக்கும். ஒரு கணம் யோசித்தேன். அப்புறம் அதைத் திறந்து, இதில் பேசுங்கள் அக்கா, எல்லார் போனுக்கும் போகும் என்றேன்.

அக்கா மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தங்கச்சிங்களா, அக்கா பேசுறேன். கோப்பெங் ரோட்டுல தண்ணி. யாரும் பயப்பட வேண்டாம். பஸ்ஸு ஹைவே பக்கமா சுத்தி வருது. கொஞ்சம் லேட்டாகும், ஆனா எல்லாரையும் வீட்டுல கொண்டாந்து விட்டுட்டுத்தான் நான் கிளம்புவேன். வீட்டுல எண்ணெய அடுப்புல வச்சிருந்தா எறக்கி வைக்கச் சொல்லுங்க.”

அதையே மலாயிலும் சொன்னார், எண்ணெய்ச் சமாச்சாரம் உட்பட. போன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அதற்குப் பதில் திரையின் ஓரத்தில் செய்திகள் வந்து விழத் தொடங்கின: சரி அக்கா, ஓகே லா அக்கா, அதிரசம் எடுத்து வைக்கிறோம் அக்கா. முதலாளி நனைந்த சட்டையோடு வந்தார். வாசலில் மீந்தவர்களை ஏற்றிவரத் தானே ஒரு வேனை எடுத்துக்கொண்டு போனார். அவரும் திரையில் ஒரு புள்ளியாக நகர்ந்தார். அவர் வேகமாகப் போனபோது அவரையும் அக்காவின் பதிவுக்குரல் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறது. திரும்பி வந்ததும், என் வண்டியிலேயே என்னைத் திட்டுகிறாயா என்று சிரித்தார். இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். கடைசி பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்குமுன் வயர்லெஸ்ஸில் கைதட்டினார்கள். மைக் அதைக் கரகரவென்று அனுப்பியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பொட்டு வேர்வையில கரைஞ்சு கண்ணுல எறங்குது தங்கச்சி,” என்றார். எனக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். எனக்குப் பொட்டே இல்லை.

ஒப்பந்தம் தொடர்ந்தது. கோலாலம்பூர்க் கம்பெனி வரவில்லை. வேறு ஊர் பஸ் நிறுவனங்களிலிருந்து எங்களைப் பார்க்க வந்தவர்கள், என்ன மென்பொருள் வாங்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் அவர்களை மாடிக்கு அழைத்துப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவேன். என்னிடம் இன்னும் பிரிண்டர் தாள் சிக்கிக்கொண்டது என்று வருகிறார்கள். இப்போது என் பிரிவில் இன்னொருவர் இருப்பதால் முறை போட்டுக்கொள்கிறோம்.

தீபாவளியன்று புந்தோங்கில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசல் முழுக்கச் செருப்பு. டிரைவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மலாய்க்காரர்கள் பலகாரத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மீசைக்கார அண்ணன் பட்டு வேட்டியில் அடையாளமே தெரியவில்லை. அக்காவின் கணவர் ஒரு தொழிற்சாலையில் காவலாளி. அவரும் எங்கள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். எனக்கு முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, ரொம்ப நிதானமாகக் குறை சொன்னார்.

“முன்னெல்லாம் வீட்ட விட்டுக் கிளம்புனா கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கும். இப்ப போனத் தொறந்தாலும் இவ, பஸ்ஸுல ஏறுனாலும் இவ.”

அடுக்களையிலிருந்து, எல்லாம் கேட்கிறது என்று பதில் வந்தது. வீடே அதிர்ந்து சிரித்தது.

முதலாளி ஒரு பெட்டி ஆரஞ்சோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோசையைப் பிய்த்துக்கொண்டே, பள்ளிக்கூட பஸ்களுக்கும் இதையே செய்யலாமா, பெற்றோர்கள் சந்தோஷப்படுவார்களே என்று என்னிடம் கேட்டார். அவர் கண்ணில் அந்த யோசனை ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது. எனக்கும் ஓடியது, அம்மாக்களுக்கு என்ன சொல்வது, பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவது என்று மனசு போகத் தொடங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா வந்து அவர் தட்டில் இன்னொரு தோசையையும் கோழிக்குழம்பையும் வைத்தார்.

“இன்னைக்கு லீவு தௌக்கே. மொதல்ல சாப்பிடு,” என்றார்.

அவர் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.